பாதியில் நிறுத்திய கதை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! மனம், மனம் என்று மனம் உருகப் பேசிவிட்டு இப்போது சோடா குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

இன்றைக்கு நமக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, "பெண்கள் விளையாட்டில் வெற்றியை நிலைநிறுத்துவது மனமா? பணமா?" என்பது. நான் பணம் கட்சி. இந்தக் கட்சியில் உட்காரவே ஒரு தைரியம் வேணும் ஐயா. மனம் என்று பேசுகிறவர் உத்தமர். பணம் என்று பேசுகிறவரைக் கந்துவட்டிக்காரர் மாதிரி பார்க்கிறார்கள். பார்த்துட்டுப் போகட்டும்.

எதிரணித் தலைவர் சும்மா பேசவில்லை. நேரே ஜெர்மனிக்கே போய்விட்டார். பெர்லினுக்குப் பக்கத்தில் இருக்கிற பாட்ஸ்டாம் என்ற ஊரில் நின்றுகொண்டு, "டர்பைன் பாட்ஸ்டாம் என்று ஒரு பெண்கள் கால்பந்து அணி, காசில்லாமல் ஐரோப்பாவையே ஜெயித்தது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல கதைக்குக் கை தட்டாமல் இருக்க முடியுமா? ஆனால் நடுவர் அவர்களே, அவர் பாதியிலேயே கதையை நிறுத்திட்டார். மீதியை நான் சொல்லணும்.

முதலில் அவர் சொன்ன பாதி. 1971. அப்போது அது கிழக்கு ஜெர்மனி. பாட்ஸ்டாமில் மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் அறிவிப்புப் பலகையில், பெண்கள் கால்பந்து அணி தொடங்கப் போகிறோம், விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்று ஒரு சீட்டு. யார் ஒட்டினார்கள் என்றுகூடத் தெரியாது என்று சொல்வார்கள். மார்ச் மாதம் அணி பிறந்துவிட்டது. மின்சாரக்காரர்கள் அணி, அதனால்தான் பெயரே டர்பைன். பயிற்சியாளர் பெர்ண்ட் ஷ்ரோடர். 1971இல் வந்த மனிதர், நடுவில் ஒரு சின்ன இடைவெளி தவிர, 2016 வரைக்கும் அதே அணியோடு நின்றார். நம்ம வீட்டில் சில பேருக்குக் கல்யாண வாழ்க்கைகூட அத்தனை வருஷம் நிம்மதியாக ஓடுவதில்லை. (சிரிப்பு)

கிழக்கு ஜெர்மனியில் ஆறு முறை சாம்பியன். சுவர் இடிந்து நாடு ஒன்றான பிறகு, 2004இலிருந்து 2012க்குள் ஜெர்மன் லீக்கில் இன்னொரு ஆறு முறை சாம்பியன். அதில் கடைசி நான்கும் வரிசையாக வந்தவை. ஜெர்மன் கோப்பை மூன்று. ஐரோப்பியக் கோப்பை 2005இல் ஒன்று, 2010இல் ஒன்று. இதெல்லாம் உண்மை. ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை.

அந்த 2010 இறுதிப் போட்டியை மட்டும் நானும் ஒரு நிமிஷம் சொல்லிக்கொள்கிறேன். அதை விட்டுவிட மனசு வரவில்லை. மே 20ஆம் தேதி. மாட்ரிட்டுக்குப் பக்கத்தில் கெட்டாஃபே. எதிரே பிரான்ஸின் லியோன். 90 நிமிஷம் ஆடியும் கோல் இல்லை. கூடுதல் நேரத்திலும் இல்லை. பெனால்டிக்குப் போகிறது. பாட்ஸ்டாம் கோல்கீப்பர் அன்னா ஃபெலிசிட்டாஸ் சார்ஹோல்ஸ். வயசு என்ன தெரியுமா? 17! நம்ம ஊர்ல பிளஸ் டூ படிக்கிற வயசு. அந்தப் பொண்ணு இரண்டு பெனால்டியைத் தடுத்தாள். அதோடு விட்டாளா? தானே வந்து ஒன்றை அடித்துக் கோலும் போட்டாள். 7-6. ஐரோப்பாவின் சாம்பியன் பாட்ஸ்டாம்! (கைதட்டல்)

தட்டுங்க, நல்லாத் தட்டுங்க. அந்தக் கைதட்டல் அந்தப் பொண்ணுக்கு. அதை எதிரணி தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டாம்.

இனி மீதிக் கதை. அதே இரண்டு அணிகள், மறு வருஷம் 2011, அதே இறுதிப் போட்டி, இந்த முறை லண்டனில். லியோன் 2, பாட்ஸ்டாம் 0. லியோன் கழகத்துக்குப் பின்னால் பணம் போட ஆள் இருந்தார்கள், வருஷா வருஷம் போட்டார்கள். 2011இல் தொடங்கி 2022க்குள் அவர்கள் வாங்கிய ஐரோப்பியக் கோப்பை எட்டு. பாட்ஸ்டாம் வாங்கியது? ஒன்றுகூட இல்லை. ஏன் ஐயா, 2010இல் இருந்த மனம் 2011இல் எங்கே போச்சு? ரயிலேறிப் போயிடுச்சா?

ஆமாம், நிஜமாகவே ஏறித்தான் போனது! பாட்ஸ்டாமில் நடீன் கெஸ்லர் என்று ஒரு பெண். 2010இல் கோப்பை வாங்கிய அணியில் இருந்தவர். 2011இல் வூல்ஃப்ஸ்பர்க் அணிக்குப் போய்விட்டார். வூல்ஃப்ஸ்பர்க் எந்த ஊர்? ஃபோக்ஸ்வாகன் கார் கம்பெனி ஊர். ஊரே கம்பெனி, கம்பெனியே ஊர். அங்கே போய் 2013இல் ஐரோப்பியக் கோப்பை. அதே வருஷம் லீக், அதே வருஷம் ஜெர்மன் கோப்பை, மூன்றும் ஒரே வீட்டில். 2014இல் மறுபடியும் ஐரோப்பா. அந்த வருஷத்தின் உலகின் சிறந்த வீராங்கனை என்ற பட்டமும் கெஸ்லருக்குத்தான். அந்தப் பெண்ணுக்குப் பாட்ஸ்டாமில் இருந்தபோது மனம் இல்லாமல் இருந்ததா? வூல்ஃப்ஸ்பர்க் போய்க் கடையில் வாங்கிக்கொண்டாரா? அவர் போனது தப்பு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ஒரு ஆம்பளை ஆட்டக்காரர் நல்ல சம்பளத்துக்கு வேறு கிளப் போனால் கெட்டிக்காரர். பொம்பளை போனால் நன்றி கெட்டவளா?

என் ஆத்திரமே இதில்தான் நடுவர் அவர்களே. பெண்களிடம் மட்டும் ஏன் எப்போதும் மனத்தைப் பற்றியே பேசுகிறார்கள்? கொடுக்கக் கை வராதபோதுதான் மனத்தைப் புகழ வாய் வருகிறது.

ஜெர்மனியிலேயே பாருங்களேன். மேற்கு ஜெர்மனியில் 1955இல் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. எங்கள் கழகங்களில் பெண்கள் பந்து ஆடக் கூடாது, பெண்மையின் நளினம் போய்விடும், உடம்புக்கும் மனசுக்கும் கெடுதல் என்று. மனசு மேல அப்பவே எவ்வளவு அக்கறை பாருங்க! பதினைந்து வருஷம் தடை. 1970இல் எடுத்தார்கள். எடுத்துவிட்டு என்ன சொன்னார்கள்? சின்னப் பந்தில் ஆடு, பாதிக்கு 30 நிமிஷம் மட்டும் ஆடு, ஆணி வைத்த பூட்ஸ் போடாதே, குளிர்காலத்தில் ஆறு மாதம் வீட்டிலே இரு. அந்தப் பெண்கள் அதையும் தாண்டி ஆடி, 1989இல் ஐரோப்பிய நாடுகளின் சாம்பியன் ஆனார்கள். சங்கம் என்ன பரிசு கொடுத்தது தெரியுமா? பணமா? இல்லை. காபி செட்! பீங்கான் கப்பும் சாசரும்! (சிரிப்பு)

சிரிக்கிறீங்க. தாய்மார்கள் சிரிக்கவில்லை, கவனித்தீர்களா? ஓடி ஓடி நாட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவளைப் பார்த்து, "நல்லா ஜெயிச்சே தாயி, போய் எல்லாருக்கும் காபி போடு" என்று சொன்ன மாதிரி இல்லையா அது?

கிழக்கில் தடை இல்லை. ஆனால் பெண்கள் கால்பந்து அப்போது ஒலிம்பிக்கில் இல்லை, 1996இல்தான் வந்தது. ஒலிம்பிக் பதக்கம் வராத ஆட்டத்துக்கு அந்த அரசு பெரிய கவனம் கொடுக்கவில்லை. கிழக்கு ஜெர்மனிப் பெண்கள் தேசிய அணி மொத்தமாக ஆடியது எத்தனை ஆட்டம்? ஒன்றே ஒன்று. 1990 மே 9ஆம் தேதி, இதே பாட்ஸ்டாமில், செக்கோஸ்லோவாக்கியாவிடம் 0-3. அந்த வருஷம் அக்டோபரில் நாடே இல்லை. அந்த ஒரு ஆட்டத்துக்காக எத்தனை பெண்கள் எத்தனை வருஷம் மனத்தோடு காத்திருந்தார்களோ!

எதிரணியில் இன்னொரு நண்பர் அடுத்து எழுந்து கேட்பார், எனக்குத் தெரியும்: "டர்பைன் அணி பணமில்லாமல் வளர்ந்ததா இல்லையா?" என்று. இல்லை ஐயா. ஆரம்பத்தில் பின்னால் நின்றது யார்? மின்சார நிறுவனம். அது யார் காசு? பிற்பாடு சின்ன வயசிலிருந்து வீராங்கனைகள் உருவானது எங்கே? பாட்ஸ்டாம் விளையாட்டுப் பள்ளியில். அது யார் நடத்துகிற பள்ளி? அரசுப் பள்ளி. ஆக, பணம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். ஷ்ரோடர் அவர்கள் பெரிய மனிதர், அதில் சந்தேகமே இல்லை. விளக்கு எரிய திரி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். எண்ணெயைப் பற்றியும் பேசலாம் இல்லையா?

டர்பைன் மட்டுமா? ஃபிராங்க்ஃபர்ட்டில் எஃப்எஃப்சி என்று இன்னொரு தனிப் பெண்கள் கழகம். லீக் ஏழு முறை, ஜெர்மன் கோப்பை ஒன்பது முறை, ஐரோப்பா நான்கு முறை. டர்பைனைவிடப் பெரிய கணக்கு. அப்படிப்பட்ட கழகம் 2020இல் தன் பெயரையே விட்டுவிட்டு, ஆண்கள் கழகமான ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட்டோடு சேர்ந்துவிட்டது. பெரிய கழகத்தின் பணம் இல்லாமல் இனி தாக்குப்பிடிக்க முடியாது என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. 2024-25 ஜெர்மன் லீக்கில் பன்னிரண்டு அணிகள். அதில் பத்து, ஆண்கள் கழகங்களின் அணிகள். தனியாக நின்றவை எஸ்ஸன் ஒன்று, நம்ம பாட்ஸ்டாம் ஒன்று.

அந்தப் பாட்ஸ்டாமுக்கு என்ன ஆச்சு? எதிரணித் தலைவர் சொல்லாமல் விட்ட இடம் இதுதான். 2023இல் முதல் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. 2024இல் போராடி மேலே வந்தது. 2025இல் கடைசி இடம் பிடித்து மறுபடியும் இறங்கியது. கீழே விழுந்து எழுந்து வந்தார்களே, அதற்குப் பேர் மனம் இல்லாமல் வேற என்ன? மனம் கடைசி வரைக்கும் இருந்தது நடுவர் அவர்களே. இல்லாமல் போனது எதுவென்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

மணி அடித்துவிட்டீர்கள். முடித்துக்கொள்கிறேன். எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். தீர்ப்பு எதிரணிப் பக்கம் போகும் என்றால் தாராளமாகப் போகட்டும். ஆனால் பரிசு என்று பணமாகக் கொடுத்து அவர்கள் மனத்தைப் புண்படுத்திவிடாதீர்கள். ஆளுக்கு ஒரு காபி செட் கொடுத்து அனுப்புங்கள்.