தலைக்கணக்கும் வாக்குக்கணக்கும்

ஒரு நகரத்தில் எச்சமயத்தார், எம்மொழியார், எத்தொழிலார் எத்துணைப் பேர் வாழ்கின்றனர் என்பதை மக்கள்தொகைக் கணக்கு எடுத்துரைக்கிறது. அக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே, அந்நகரம் எக்கட்சியின் பக்கம் சாயும், எத்தனை பேர் வாக்களிக்க வருவர் என்பனவற்றையும் கூறிவிடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும்? ஐதராபாத் நகரத்தை வைத்தே ஆராய்வோம்.

2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஐதராபாத் மாவட்டத்தின் மக்கள் ஏறத்தாழ 39 லட்சம். அவர்களுள் நூற்றுக்கு 52 பேர் இந்துக்கள். 43 பேர் முஸ்லிம்கள். சார்மினாரைச் சூழ்ந்த பழைய நகரத்தில் முஸ்லிம்கள் செறிந்து வாழ்கின்றனர். 2009, 2014, 2018, 2023 ஆகிய நான்கு சட்டமன்றத் தேர்தல்களிலும் மஜ்லிஸ் கட்சி இந்நகரில் 7 இடங்களைத் தவறாது பெற்றது. 2023இல் தெலங்கானாவின் 119 இடங்களுள் 64 இடங்களைக் காங்கிரஸ் வென்று ஆட்சி அமைத்தது. ஆயினும் ஐதராபாத் மாவட்டத்தின் 15 தொகுதிகளுள் ஒன்றேனும் அதற்குக் கிட்டவில்லை. இவற்றை நோக்கும்போது, மக்களின் அமைப்பே தேர்தலின் முடிவு என்று தோன்றுகிறதன்றோ?

ஆனால் ஜூபிலி ஹில்ஸ் தொகுதியைப் பாருங்கள். பெயரைக் கேட்டவுடன் மாளிகைகளே நம் நினைவுக்கு வரும். வாக்காளர்களில் பெரும்பாலோரோ போரபண்டா, ரஹ்மத் நகர், யூசுப்குடா முதலிய நெருக்கமான பகுதிகளில் வாழும் எளிய மக்கள். 2023இல் இத்தொகுதி பாரத ராஷ்டிர சமிதிக்குச் சென்றது. 2025 நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில் காங்கிரஸ் வென்றது. இரண்டே ஆண்டுகளில் தெருக்களில் வாழ்வோர் மாறிவிடவில்லை. மாறியது அவர்கள் தந்த விடை. சாய்வு என்பது பழக்கமேயன்றி விதியன்று.

இனி, வாக்களிக்க வருவோரின் தொகையைக் காண்போம். 2023 நவம்பர் 30ஆம் நாள், தெலங்கானாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 71 பேர் வாக்களித்தனர். முனுகோடு தொகுதியில் அவ்வளவு 90ஐக் கடந்தது. பழைய நகரத்தின் யாகுத்புராவிலோ 40ஐயும் எட்டவில்லை. எழுத்தறிவில் மாநிலத்திலேயே முன்னிற்கும் மாவட்டம், வாக்குச் சாவடியில் பின்னிற்கிறது. கல்வி பெருகினால் வாக்கும் பெருகும் என்னும் எளிய கணக்கு இங்கே பொய்த்துவிடுகிறது.

இதற்குக் காரணங்கள் சில உண்டு. முடிவு முன்னமே தெரிந்ததென்று கருதப்படும் தொகுதியில், ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் ஒருங்கே வீட்டில் இருந்துவிடுகின்றனர். கிராமத்தில் வாக்களிக்காதவனை அண்டை வீட்டார் அறிவர். நகரத்தில் யார் அறிவார்? மூன்றாவது காரணம் பட்டியலிலேயே உள்ளது. வாடகை வீடு மாறியோர், ஊர் மாறியோர், மறைந்தோர் ஆகியோரின் பெயர்கள் நீக்கப்படாது நிற்குமானால், வாராதோரின் தொகை உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். ஆகவே குறைந்த விழுக்காடு முழுவதையும் மக்களின் சோம்பல் என்று பழிப்பது முறையன்று.

2024 மே 13ஆம் நாள் தெலங்கானாவிலும் ஆந்திரத்திலும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடைபெற்றது. அதற்கு முந்திய நாட்களில் ஐதராபாத்திலிருந்து ஆந்திரம் நோக்கிய ரயில்களும் பேருந்துகளும் நிரம்பி வழிந்தன. இந்நகரில் வாழ்வோர் பல்லாயிரவர் தத்தம் சொந்த ஊர் சென்று வாக்களித்தனர். அன்று ஆந்திரத்தில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் வாக்களிக்க, ஐதராபாத் நாடாளுமன்றத் தொகுதியில் 48 பேரே வாக்களித்தனர். மக்கள்தொகைக் கணக்கில் ஓர் ஊரினராகவும் வாக்குக்கணக்கில் மற்றோர் ஊரினராகவும் வாழ்வோர் எத்துணைப் பேர் என்பதை அந்த ரயில்கள் காட்டின.

வெளிமாநிலத் தமிழர்களாகிய நமக்கு இது நெருங்கிய செய்தி. சென்னைப் படையோடு செகந்திராபாத் பாளையத்துக்கு வந்து தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. நேற்று வேலைக்கு வந்தோரும் உண்டு. பின்னவருள் ஒருவரை மனத்தில் கொள்வோம். பெயர் திருநெல்வேலிப் பட்டியலில் உள்ளது. குழந்தை படிப்பதும், குழாய் நீர் வருவதும், சாக்கடை தேங்குவதும் செகந்திராபாத்தில். 2024 ஏப்ரல் 19 தமிழ்நாட்டின் தேர்தல் நாள். அன்று அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மே 13 இங்கே தேர்தல் நாள். இங்கே அவருக்குப் பெயர் இல்லை. இரு தேர்தல்கள் நடந்தும் அவருக்கு ஒரு வாக்கும் இல்லாது போயிற்று.

சட்டம் கூறுவது தெளிவு. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் தாம் வழக்கமாக வசிக்கும் தொகுதியில் பதிவு பெறலாம். இரண்டு தொகுதிகளில் பெயர் வைத்திருத்தல் ஆகாது. குடிபெயர்ந்தோர் படிவம் 8இன் வாயிலாகப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். வெளியூரிலிருந்தே வாக்களிக்க உதவும் இயந்திரம் ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட முற்பட்டது. கட்சிகள் பல ஐயம் எழுப்பின. அதனை நம்பிக் காத்திருத்தல் பயன் தராது.

பிறந்த ஊரின் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பது, வேரைப் பிடுங்குவது போல் சிலருக்குத் தோன்றலாம். அவ்வுணர்ச்சி இயல்பே. ஆயினும் ஊர்ப்பற்று உள்ளத்தில் நிற்பது. வாக்கு, நாம் வாழும் தெருவில் பயன்படுவது. மக்கள்தொகைக் கணக்கு நம்மைத் தலைகளாக எண்ணுகிறது. வாக்குச் சாவடியோ, வந்து நின்றவரை மட்டுமே எண்ணுகிறது. நாம் எந்தக் கணக்கில் இருக்கிறோம் என்பதை ஒவ்வொருவரும் இன்றே பட்டியலைப் பார்த்து அறிந்துகொள்வோமாக.