கோபுரமும் கைப்பேசியும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது காலனியின் நான்காம் பிளாக் மாடியில் கைப்பேசிக் கோபுரம் எழுந்த நாள் முதல் நம் குடும்பங்களில் அச்சம் குடிகொண்டிருக்கிறது. ஊரில் கோபுரத்தைக் கண்டால் கை குவித்தவர்கள் நாம். இங்கோ அதை அகற்றக் கோரி மனுத் தயாராகிறது. கையெழுத்திடுமுன் சில விஷயங்களை ஆராய்தல் நலம்.

"கதிர்வீச்சு" என்னும் ஒரே சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். 2010-இல் டில்லி மாயாபுரியில் பழைய இரும்போடு வந்துசேர்ந்த கோபால்ட்-60 ஓர் உயிரைக் குடித்தது. அது காமாக் கதிர். உயிரணுவின் உள்ளமைப்பையே சிதைக்க வல்லது. கோபுரமும், கைப்பேசியும், மைக்ரோவேவ் அடுப்பும் வெளியிடும் நுண்ணலைக்கு அவ்வாற்றல் கிடையாது. மிகுந்தால் அது சூடாக்கும். ஐயமின்றி நிறுவப்பட்ட தீங்கு அவ்வளவே.

ஆயின் ஐயமே எழவில்லையா? எழுந்தது. 2011-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் இவ்வலைகளைப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியவையாக இருக்கலாம் என்னும் 2பி வகுப்பில் வைத்தது. (ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் அவ்வகுப்பிலேயே உள்ளன, அதற்காக நம் மாதர் எவரும் ஊறுகாய் ஜாடியை வீதியில் எறியவில்லை.) அந்த ஸ்தாபனத்தின் வேண்டுகோளின்பேரில் 2024-இல் வெளிவந்த பெரும் மறு ஆய்வு, கைப்பேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. நம் அரசாங்கமோ 2012-இலேயே கோபுரங்களுக்குரிய வரம்பைச் சர்வதேச அளவில் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. 1800 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 9 வாட் என்பது 0.9 ஆயிற்று.

நாம் கவனியாத விஷயம் ஒன்றுண்டு. வெட்டவெளியில் தூரம் இருமடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒன்றாகும். ஆகவே எதிர்மாடிக் கோபுரத்தைவிடக் காதோடு ஒட்டிய கைப்பேசியே பெரும்பாலும் நம் தலைக்குள் அதிகம் செலுத்துகிறது. கோபுரம் தொலைவிற் சென்றாலோ, அதை எட்டுவதற்காகக் கைப்பேசி தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். விரட்டிய அலையை நாமே பிள்ளைகளின் காதருகே அழைத்ததாக முடியும்!

ஆதலின் அகற்றும் மனுவுக்கு முன் அளக்கும் மனுவை அனுப்புவோம். கோபுர விவரங்களை மக்கள் அறியவும், அளவெடுக்கக் கோரவும் தொலைத்தொடர்புத் துறை 2017-இல் "தரங் சஞ்சார்" என்னும் வலைத்தளத்தைத் தொடங்கியது. அளவு வரும்வரை, சமிக்ஞை குறைந்த இடத்தில் பேச்சைச் சுருக்குங்கள். நெடுநேரம் பேசுவோர் செவிக்கருவியைப் பயன்படுத்துங்கள். கதவு சரிவர மூடாத மைக்ரோவேவ் அடுப்பை மூட்டாதீர்கள். அளவு வரம்பை மீறியதாக வருமாயின், அகற்றும் மனுவை எழுத நானே முதலில் அமர்வேன்.