பழைய வாடகையை நிறுத்தாதீர்கள்

(வாடகைக் குடியிருப்பாளர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



வெள்ளவத்தையில் ஒரே வீட்டில் 26 ஆண்டுகள் வாடகைக்கிருக்கும் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். 40,000 ரூபா வாடகையை 90,000 ஆக்கவேண்டும், அன்றேல் வீட்டை விடவேண்டும் என்று வீட்டுக்காரர் கூறிவிட்டாராம். "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்றேன். "ஒரு சதமும் கொடேன் என்று நான்கு மாதமாக நிறுத்திவிட்டேன்" என்றார்.

அன்பர்களே, வீட்டுக்காரரிடம் அதுவரை இல்லாத ஆயுதத்தை இவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். உயர்வு நியாயமா என்ற கேள்வி பின்னே போயிற்று. வாடகை நிலுவை என்ற குற்றம் முன்னே வந்து நின்றது. பற்றுச்சீட்டுகள் எங்கே என்றேன். "அண்ணன் தம்பி போலப் பழகினோம், சீட்டுக் கேட்பது மரியாதையா?" என்றார். நம்மவரின் இந்த மரியாதை எத்தனை குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியதோ!

1915இல், முதலாம் உலகப் போரின் நடுவே, ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தொழிலாளர் வீடுகளின் வாடகையை உடைமையாளர் உயர்த்தினர். ஆடவர் பலர் போர்முனையில். மேரி பார்பர் போன்ற பெண்களே வீடு காக்க எழுந்தனர். உயர்த்திய பகுதியைத் தரமாட்டோம் என்பதே அவர்களின் போராட்டம். வெளியேற்ற வந்தோரைக் கூடிநின்று மறித்தனர். நவம்பரில் வழக்கு நடந்த அன்று நீதிமன்றின் முன் பெருங்கூட்டம் திரண்டது. அவ்வாண்டு முடியுமுன்னரே, சிறிய வீடுகளின் வாடகையைப் போருக்கு முந்திய அளவில் நிறுத்தும் சட்டம் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று.

இலங்கையிலும் வாடகைக் கட்டுப்பாடு 1942இல், போர்க்காலத்திலேயே பிறந்தது. 1948இலும் 1972இலும் புதிய சட்டங்கள் வந்தன. வாடகையை உள்ளூராட்சி மன்றத்தில் செலுத்துவதற்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. அதன் பொருளை எண்ணிப் பாருங்கள்: குடியிருப்பவனைக் காப்பது தவறாது செலுத்திய வாடகை! ஆனால் அச்சட்டம் எல்லா வீடுகளுக்கும் நிழல் தந்ததன்று. உங்கள் வீட்டுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை முதலிற் கேட்டறியுங்கள். பாதுகாப்பில்லாத வீடாயின் பேச்சுவார்த்தையே வழி. 2022இன் விலையேற்றம் வீட்டுக்காரரையுந்தான் வாட்டியது. அவரும் வாடகையை நம்பி வாழும் முதியவராக இருக்கலாம். ஒரேயடியாக வேண்டாம், ஆண்டுக்கு ஒரு படியாக உயர்த்துவோம் என்று எழுத்திற் கேளுங்கள். அயல்வீடுகளின் வாடகையை விசாரித்துக்கொண்டு பேசுங்கள். உரிய நாளிற் பழைய வாடகையைச் செலுத்துங்கள். கையில் வாங்க மறுத்தால், கொடுக்க முன்வந்ததைப் பதிவுத் தபாலில் அறிவியுங்கள்.

இங்கே வந்திருக்கும் கமக்காரப் பெருமக்கள், இது பட்டணத்தார் பாடு என்று எண்ணவேண்டாம். பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், அரைவாரம் கொடுத்துவந்தவனைக் காப்பதற்கென்றே வந்தது. நடந்ததென்ன? தலைமுறையாக வாய்ப்பேச்சில் வயல் செய்தவர் பலரை, "இவன் குத்தகைக்காரன் அல்லன், கூலிக்காரன்" என்று கூறி உடைமையாளர் வெளியேற்றினர். மறுத்துக் காட்ட அவர்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கவில்லை.

அந்த எழுதுவினைஞர் மனைவியின் காப்பை ஈடுவைத்து நான்கு மாத நிலுவையையும் ஒரே நாளிற் கட்டினார். பேச்சு இன்னும் முடியவில்லை. வீட்டுக்காரர் 75,000 வரை இறங்கியிருக்கிறார். மாதம் பிறந்ததும் வங்கியிற் கட்டிய சீட்டை மட்டும் மறவாமல் என்னிடம் காட்டிச் செல்கிறார்.