பெயரை எண்ணுவதா, கூறை எண்ணுவதா?



தமிழில் வேதியியல் முடியுமா என வினவுவோர் இன்றும் உளர். அவர்க்கு விடை தென்காசி மண்ணிலேயே கிடக்கின்றது. குற்றால அருவிநீர், சுண்ணாம்புக்கல், ஈயம் பூசுவோரின் நவச்சாரம் ஆகிய மூன்றே போதும்.

அமெரிக்க அறிஞர் கிப்சு 1876-78இல் வெளியிட்ட நிலைமை விதி எளிய கணக்கே. நிகர்நிலையிலுள்ள அமைப்பின் கூறுகளோடு 2 கூட்டி நிலைமைகளைக் கழித்தால், உரிமை எண் கிடைக்கும். நிலைமையாவது தனித்து நிற்கும் ஒருசீரான பகுதி. உரிமை எண்ணாவது, அந்நிலைமைகள் கெடாமல், வெப்பநிலை, அழுத்தம் போன்றவற்றுள் எத்தனையை நாம் விரும்பியவாறு மாற்றலாம் என்பது. மாணவர் இடறும் இடம் கூறே. கூறு என்பது பொருட்பெயர்களின் தொகையன்று. எல்லா நிலைமைகளின் இயைபையும் சொல்லப் போதுமான மிகக் குறைந்த எண்ணிக்கை அது.

அருவிநீரைக் காய்ச்சி வடித்துக் காற்றில்லாக் கலத்தில் மூடுக. நீர், ஆவி என நிலைமை 2, கூறு 1, உரிமை எண்ணும் 1. வெப்பநிலையைக் குறித்த அளவில் ஆவியழுத்தம் தானே முடிவாகிவிடும்.

சுண்ணாம்புக்கல்லை மூடிய கலத்தில் சுடுக. கல், சுட்ட சுண்ணாம்பு, கரிவளி எனப் பொருள் 3. அவற்றைப் பிணைக்கும் வினை 1. ஆகவே கூறு 2. நிலைமை 3, உரிமை எண் 1. கரிவளியின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவாயின், மூன்றும் ஒருங்கிருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 900 செல்சியசுப் பாகையே. காளவாயோ திறந்தது; கரிவளி காற்றோடு வெளியேறுவதால் கல் முழுதும் நீறுகின்றது.

நவச்சாரத்தைச் சுட்டாலும் அம்மோனியா, உப்புக்காடி ஆவி என இரண்டு பிரிகின்றன. பொருள் 3, வினை 1. ஆயினும் கூறு 2 அன்று, 1. ஏன்? இரண்டும் ஒரே வளிநிலைமையில் சரிபாதியாய் நிற்கின்றன. அக்கட்டு இன்னொன்றைக் குறைக்கின்றது. சுண்ணாம்பும் கரிவளியுமோ வெவ்வேறு நிலைமைகளில் நிற்பவை. அங்கு அக்கட்டு இல்லை. வெளியிலிருந்து சிறிது அம்மோனியாவைச் சேர்த்தால் நவச்சாரத்திலும் கட்டு அறும். கூறு 2 ஆகும்.

பெயரை எண்ணுவது மனப்பாடம். கட்டை எண்ணுவது அறிவு. புரியாத மொழியில் வாய்பாடு கற்ற பிள்ளை பெயரையே எண்ணும். கூறு, நிலைமை, உரிமை, கட்டு என்று கற்ற பிள்ளை பொருளை எண்ணும். இவை அகராதியில் தேடிய சொற்கள் அல்ல. நம் வீட்டுச் சொற்கள்.

1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் முயற்சி பாட்டோடும் மேடையோடும் நின்றுவிடலாகாது. ஆய்வுக்கூடத்துள்ளும் அது நுழைதல் வேண்டும். ஆசிரியப் பெருமக்களே, நாளைய வகுப்பில் இக்கணக்கைத் தமிழிலேயே போட்டுக் காட்டுங்கள். முடியுமா என்னும் வினா அன்றே மாயும்!

வெல்க தமிழ்!