பெரியகடையும் குடிமனைத் தெருவும்

யாழ்ப்பாண நகரத்திலே பெரியகடை என்னும் பெயர் பழையது. கொள்வோரும் கொடுப்போரும் அங்கே கூடுவர். வீடு வாசல் என்றால் சுண்டிக்குளியிலும் கொழும்புத்துறையிலும் நல்லூரிலும் வேலியடைத்த வளவுகளுக்குள்ளே இருக்கும். இவ்வகைப் பகுப்புத் தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரிலே மருவூர்ப்பாக்கம் ஒருபுறமும் பட்டினப்பாக்கம் மறுபுறமும் இருக்க, இரண்டுக்கும் இடையிலுள்ள சோலையிலே நாளங்காடி கூடிற்று. எனினும் அன்றும் எல்லைகள் இரும்பு வேலிகளாய் இருந்தனவென்று கொள்ளல் வேண்டா. வணிகர் தாம் வாணிபஞ் செய்த இடத்திலேயே வாழ்ந்தனர். முன்பக்கம் கடையும் பின்பக்கம் குடும்பமுமாக வாழ்ந்த வழக்கம் வண்ணார்பண்ணையிலும் இருந்தது. இப்பொழுது திட்ட வரைவாளர் கலப்புப் பயன்பாடு என்று பெயரிட்டுப் பேசுவது பெரும்பாலும் இதுவே. பெயர் புதிது, பொருள் பழையது. புதிதாய் வந்தது அளவு ஒன்றே. ஆனால் அந்த அளவுதான் வழக்கு முழுவதற்கும் காரணமாகின்றது.

1949ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் மாநகரசபையாயிற்று. அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1946இல், நகர, நாட்டுப்புற அமைப்புக் கட்டளைச் சட்டம் இலங்கையில் நிறைவேறியிருந்தது. பின்னர் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தினால் நகர அபிவிருத்தி அதிகாரசபை தோன்றிற்று. ஆகவே ஒரு தெருவிலே வீடு எழுமா, பல மாடிக் கடைத்தொகுதி எழுமா என்பதைக் காணிக்காரர் மட்டும் தீர்மானித்தல் இயலாது. சட்டம் இருந்ததேயன்றி அதனை ஆற அமர நடத்துங் காலம் வாய்க்கவில்லை. 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் பொது நூல்நிலையம் எரிந்த நாட்களிலே சந்தைக் கடைகளும் எரிந்தன. 1995 ஒக்ரோபர் இறுதியில் நகரமே வெறுமையாயிற்று. போர் முடிந்து 2009இன் பின் கண்டி வீதி திறந்திருக்க, தெற்கிலிருந்து வங்கிகளும் பெருங்கடைகளும் வந்தன. 2013இல் ஆஸ்பத்திரி வீதியிலே திரையரங்குகளோடு கூடிய பலமாடி அங்காடியொன்று திறக்கப்பட்டது.

இதனைக் குறைகூறுதல் எளிது. ஆனால் மறுபக்கத்தையும் நோக்குதல் முறை. படித்துவிட்டு வேலையின்றி நிற்கும் இளைஞர்க்குக் கடைத்தொகுதி ஊதியந் தரும் இடம். வெயிலிலே சந்தைக்கு நடக்கமாட்டாத முதியவர்க்கு ஒரே கூரையின் கீழ் எல்லாம் கிடைப்பது பெரிய ஆறுதல். மாநகரசபைக்கோ சோலைவரி கூடும். 2023 மார்ச்சிலே பதவிக்காலம் முடிந்து, 2025 மே 6ஆந் திகதித் தேர்தலுக்குப் பின்னரே மீண்டும் உறுப்பினர் கூடிய சபைக்கு வரும்படி வேண்டியதே. கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்காரரும் பெரியகடைச் சிறு வணிகரும் போட்டிக்கு அஞ்சுவது உண்மைதான். ஆனால் எரிந்த கடையை மீண்டுங் கட்டி எழுப்பியவர்கள் அவர்கள். போட்டி ஒன்றினாலே அழிந்துவிடுவர் என்று சொல்வது அவர்களைக் குறைத்து மதிப்பதாகும்.

மெய்யான இடர் தரைக்கு மேலே இல்லை, கீழே இருக்கின்றது.

குடாநாட்டிலே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, உட்புகுந்த உவர்நீரின் மேலே மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கின்றது. நிலாவரைக் கிணற்றைப் பார்த்தோர் இதனை எளிதில் உணர்வர். மேலே நன்னீர், ஆழத்திலே உவர். நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்தால் அடியிலுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலெழும் என்பது நிலநீர் ஆய்வாளரின் கணக்கு. ஒரு வளவிலே ஒரு குடும்பம் துலாவினால் இறைத்த காலத்தில் இக்கணக்கு எவரையும் அச்சுறுத்தவில்லை. அதே வளவிலே ஐந்து மாடி எழுந்து, உணவகமும் விடுதியும் பல குடும்பங்களும் ஒரே நிலத்தடி நீரை மின்பம்பியால் உறிஞ்சும்போது கணக்கு வேறாகின்றது.

குழாய்நீர் வந்துவிட்டதே என்பர். தாளையடியிலே நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நல்லதே. ஆயினும் வீட்டுக்குள் வந்த நீர் எங்கேனும் வெளியேறியாக வேண்டும். நகர் முழுவதற்குமான கழிவுநீர்க் குழாய்த் தொகுதி யாழ்ப்பாணத்தில் இல்லை; மலகூடக் குழியின் நீர் வெடிப்புக் கல்லினூடே அயற்கிணற்றை நாடுகின்றது. குடாநாட்டின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதை ஆய்வுகள் பன்முறை காட்டியுள்ளன. தோட்டத்துப் பசளைக்கு அதில் பெரும்பங்குண்டு. நகரிலோ குழிகளே முதற் குற்றவாளிகள். ஒரு தெருவை வாணிப வலயமென்று நிறந்தீட்டுமுன் அத்தெருவின் கழிவு எங்கே போகும் என்று கேட்பதே சபையின் முதல் வேலை. கட்டடத்தின் உயரம், வாகனத் தரிப்பு ஆகியவற்றை அதன்பின் பேசலாம்.

குளங்களின் கதையும் இதனோடு சேர்ந்ததே. ஆரியகுளம், புல்லுக்குளம், நாயன்மார்கட்டுக்குளம் முதலியன அழகுக்காக வெட்டப்பட்டவையல்ல; மாரி வெள்ளத்தைத் தாங்கி நிலத்துக்குள் இறக்குபவை. வெள்ளவாய்க்காலின் மேல் கடைப்படி கட்டினால் என்ன நேரும் என்பதை 2008 நவம்பர்ப் புயல்மழை நகரத்தார்க்குக் காட்டிற்று. பற்றிக் கெடிஸ் என்னும் நகரமைப்பறிஞர் 1915இல் சென்னை மாகாணத்து நகரங்களைப் பற்றி அறிக்கை எழுதியவர். 1921இல் கொழும்புக்கும் திட்டம் வரைந்தவர். குளங்களைத் தூர்ப்பதற்கு அவர் உடன்பட்டாரில்லை. அவர் அறிக்கை எழுதிப் பத்தாண்டு கழியுமுன்னரே சென்னையில் மாம்பலத்து நெடுங்குளம் வடிக்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. அது குடியிருப்பதற்கென்றே வகுத்த தோட்டநகர். இன்று அங்கே இரங்கநாதன் தெருவில் தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. வீடுகள் கடைகளாயின, கடைகள் மாடிகளாயின, அனுமதி பின்னால் வந்தது, அல்லது வராமலே போயிற்று. 2017 மே 31ஆந் திகதி அங்கே பலமாடித் துணிக்கடையொன்று தீப்பற்றி, நாள் கடந்தும் எரிந்து, பின்னர் இடிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தின் ஒழுங்கைகள் பல அத்தெருக்களிலும் ஒடுங்கியவை. தீயணைக்கும் ஊர்தி நுழைய முடியாத ஒழுங்கையிலே கடைத்தொகுதிக்கு இடங்கொடுப்பது எவ்வாறு?

காணி உரிமையும் ஒரு சிக்கல். தேசவழமைப்படி பங்காளிக்குக் காணியை முதலில் வாங்கும் உரிமை உண்டு; 1947ஆம் ஆண்டுச் சட்டம் அதனை வரையறுத்தது. பங்காளிகளில் ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் இலண்டனில், ஒருவர் இன்னும் அதே வளவில். வலயம் மாறிய செய்தி வந்தவுடன் காணியின் விலை ஏறும். வெளிநாட்டுப் பங்காளி விற்க விரும்புவார்; வளவிலே வாழ்பவரோ அந்த விலைக்கு வாங்க இயலாமல், முதலுரிமை கையிலிருந்தும் வெளியேறுவார். பழைய சட்டத்தின் காப்பு அவரைக் காக்காது.

இவையெல்லாம் போக, மாநகரசபை தன் எல்லைக்குள்ளே எவ்வளவு கவனமாய் விதித்தாலும், பல்கலைக்கழகம் அமைந்த திருநெல்வேலி நல்லூர்ப் பிரதேசசபையைச் சேர்ந்தது. கட்டடங்கள் சபையெல்லையைப் பார்த்து வளர்வதில்லை. நிலத்தடி நீரும் அதனை அறியாது. இரு சபைகளும் ஒரே வரைபடத்தை முன்வைத்துக் கூடாவிடில், ஒரு பக்கம் மறுக்கப்பட்ட கட்டடம் மறுபக்கம் முளைக்கும்.

அபிவிருத்தித் திட்ட வரைவு எதுவும் உறுதியாகுமுன் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, ஆட்சேபங்கள் ஏற்கப்படல் சட்டத்தின் விதி. அவ்வரைபடத்திலே தம் ஒழுங்கைக்கு எந்த நிறம் பூசப்பட்டிருக்கின்றது என்று போய்ப் பார்ப்போர் மிகச் சிலர். கடை கட்ட எண்ணியவர் தவறாமல் போவார். பக்கத்து வளவிலே கிணற்றுக்கட்டில் நின்று தண்ணீர் அள்ளுபவர், அத்திவாரம் வெட்டும் இயந்திரம் வந்த பின்னரே செய்தியை அறிகின்றார். ஆட்சேபம் எழுதுங் காலம் அப்பொழுது கடந்திருக்கும்.