தோசைக்கல்லில் ஸ்டேக்: நம்ம ஊர்க் கறிக்கு நம்ம கணக்கு

(இந்த வார எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் திருத்தியிருக்கிறோம்.)

குரும்பகரத்துல எங்க வீட்டு அடுப்படியில இருந்துதான் இந்த வாரமும் பேசுறேன். நடுவுல பக்கத்து வீட்டுக் கோழிச் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

கொஞ்ச நாளா ஒரே மாதிரி கேள்வி வந்துக்கிட்டு இருக்கு. "வீடியோவுல காட்டினபடியே ஸ்டேக் செஞ்சேன். வெண்ணெய், பூண்டு எல்லாம் போட்டேன். இந்தப் பக்கம் மூணு நிமிஷம், அந்தப் பக்கம் மூணு நிமிஷம். கடிச்சா செருப்பு மாதிரி இருக்கு. எங்கே தப்பு?" காரைக்கால் பக்கம் பிரான்ஸ்ல சொந்தக்காரங்க இருக்கிற குடும்பங்கள் நிறைய. அவங்க லீவுக்கு வரும்போது "பிஃப்தெக் போடேன்"னு கேட்கிறாங்க, இங்கே செஞ்சா அந்தப் பதம் வரலைன்னும் எழுதியிருக்கீங்க.

பதில் ஒண்ணுதான். உங்க கைப்பக்குவத்துல குறை இல்ல. அந்தச் செய்முறை வேற ஒரு மாட்டுக்காக எழுதினது.

அமெரிக்க வீடியோவுல வர்ற மாட்டுக்குப் பெரும்பாலும் ஒன்றரை வயசு, ரெண்டு வயசு இருக்கும். தானியம் தின்னு கொழுத்தது, ஏர் பிடிச்சதில்ல, வண்டி இழுத்ததில்ல. நம்ம கதை வேற. புதுச்சேரி மாநிலத்துல 1968-ஆம் வருஷத்துச் சட்டப்படி பசுவையும் கன்றையும் அறுக்கக் கூடாது. காளையோ எருதோ 15 வயசைத் தாண்டியிருக்கணும், இல்லேன்னா வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் லாயக்கில்லைன்னு சான்று வாங்கணும். எல்லையைத் தாண்டினா தமிழ்நாட்டுல 1958-ஆம் வருஷத்துச் சட்டம். அதுல வயசுக் கணக்கு 10. ஆக, நம்ம சட்டிக்கு வர்றது பெரும்பாலும் உழைச்சு ஓய்ஞ்ச மாடு, இல்லேன்னா எருமை.

வயசானா கறியில என்ன மாறுது? தசை நார்களைக் கட்டி வச்சிருக்கிற சவ்வு இருக்கே, அது கொலாஜன்ங்கிற புரதம். இளம் மாட்டுல அது லேசா இருக்கும், சூடு பட்டதும் இளகும். வயசாக ஆக அந்த இழைகளுக்கு நடுவுல முடிச்சு மேல முடிச்சு விழுது. அது கரையணும்னா ஈரமான சூட்டுல மணிக்கணக்கா வேகணும். கல்லுல ஆறு நிமிஷத்துல கரையாது. அதனால ஸ்டேக்குக்கு முதல் வேலை, சவ்வு குறைவான இடத்தைத் தேடி வாங்குறது.

அந்த இடத்துக்குக் கறிக்கடையில அண்டர்கட்னு பேரு. முதுகெலும்புக்கு உள்பக்கம், இடுப்புப் பகுதியில நீளமா படுத்திருக்கிற சதை. நடக்க, இழுக்க, சுமக்க அதுக்கு வேலையே இல்ல. பத்து வருஷம் வண்டி இழுத்த மாட்டுலயும் அந்த ஒரு சதை மட்டும் பூவா இருக்கும். ஒரு மாட்டுல ரெண்டே துண்டுதான், அதனால முந்தின நாளே கடைக்காரர்கிட்ட சொல்லி வைங்க. தொடைக்கறியை மெல்லிசா வெட்டித் தந்து "ஸ்டேக் கறி"ன்னு சொன்னா வாங்காதீங்க.

அடுத்தது நிறைய பேருக்குத் தெரியாத விஷயம். விடியக்காலையில அறுத்த கறியைக் கொண்டு வந்து உடனே ஃப்ரீசர்ல வைக்கிறோம். அறுத்த பிறகு சில மணி நேரத்துல தசை விறைக்க ஆரம்பிக்கும். விறைப்பு முடியுறதுக்குள்ள கடுங்குளிர் பட்டா நார் சுருங்கி இன்னும் கெட்டியாயிடும். துண்டு போடாம முழுசா வாங்குங்க. ஃப்ரிட்ஜ்ல கீழ்த்தட்டுல, மூடின பாத்திரத்துல ரெண்டு நாள் இருக்கட்டும். கறிக்குள்ளேயே இருக்கிற நொதிகள் நாரை மெல்ல மெல்லத் தளர்த்தும். அடிக்கடி மணிக்கணக்கா கரண்ட் போற வீடுன்னா ரெண்டு நாள் வேண்டாம், மறுநாளே சமைச்சிடுங்க.

பப்பாளிக்காய் போடலாமான்னு கேட்டிருந்தீங்க. போடலாம், அளவு முக்கியம். பப்பாளிப் பாலில் இருக்கிற பாப்பேன் புரதத்தை வெட்டும். ஆனா அது தொட்ட இடத்துலதான் வேலை செய்யும், உள்ளே இறங்காது. ராத்திரி முழுக்க ஊற வச்சா மேல கூழாயிடும், நடு அப்படியே இருக்கும். அரைக் கிலோவுக்கு ஒரு ஸ்பூன் அரைச்ச விழுது, அரை மணி நேரம், அப்புறம் துடைச்சிடுங்க. அண்டர்கட்டுக்கு இது தேவையே இல்ல.

இப்போ அடுப்புக்கு வருவோம். மேல இருக்கிற வெள்ளைச் சவ்வைக் கத்தியால சீவி எடுத்துடுங்க. ரெண்டு விரல் கனத்துக்கு வெட்டுங்க. கிலோவுக்குப் பத்து கிராம் உப்பு, சமைக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே தடவிடணும். உப்பு முதல்ல தண்ணியை வெளியே இழுக்கும், பிறகு அந்தத் தண்ணியோட திரும்ப உள்ளே இறங்கும். கல்லுல போடுறதுக்கு முன்னாடி சுத்தமான துணியால ஒத்தி எடுங்க. ஈரம் இருந்தா கறி கல்லுல அவியும், சிவக்காது.

கல்லுன்னு சொன்னது நம்ம இரும்பு தோசைக்கல்லைத்தான். இதுக்குன்னு தனியா சட்டி வாங்க வேண்டாம். தண்ணி தெளிச்சா முத்து முத்தா உருண்டு ஓடுற சூடு வரணும். கடலை எண்ணெய் ஊத்துங்க, வெண்ணெய் முதல்லயே போட்டா கருகிடும், கடைசி நிமிஷத்துல போதும். நிமிஷத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட்டுக்கிட்டே இருங்க, சூடு சீரா இறங்கும். "மேல் தோலை வறுத்தா சாறு உள்ளே பூட்டிக்கும்"னு ஒரு பேச்சு உண்டு. 1847-ல ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் எழுதிப் பரவினது. அது உண்மை இல்ல. வறுக்கிறது வாசனைக்கும் ருசிக்கும்தான்.

சாறு நிக்கிறதும் போறதும் நடுப்பகுதியோட சூட்டுல இருக்கு. 65 டிகிரி செல்சியஸைத் தாண்டத் தாண்ட நார் சுருங்கி, ஈரத் துணியைப் பிழியுற மாதிரி சாறைப் பிழிஞ்சு தள்ளும். கறிக்குன்னு குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க. நடுவுல 63 காட்டினா இறக்கி, அஞ்சு நிமிஷம் சும்மா வைங்க. பிரான்ஸ்ல சிலர் ரத்தச் சிவப்பா, 'சேஞ்ஞான்' பதத்துல கேப்பாங்க. நம்ம ஊர்ல கறி திறந்தவெளியில தொங்குது, நாடாப்புழு பயமும் உண்டு. நான் 63-க்குக் கீழே இறங்குறதில்ல. கர்ப்பிணிகளும் உடம்பு முடியாதவங்களும் இருந்தா 70-க்கு விட்டுடுங்க.

கடைசியா கத்தி. எங்க அம்மாவுக்கு எழுபது தாண்டிடுச்சு, கடைவாய்ப் பல் இல்ல. கறி வச்ச நாள்ல குழம்பை மட்டும் ஊத்திக்கிட்டு, துண்டைத் தட்டு ஓரமா ஒதுக்கிடுவாங்க. கேட்டா "இப்பல்லாம் எனக்குக் கறி பிடிக்கலை"ன்னு சொல்லுவாங்க. பிடிக்காம இல்ல, மெல்ல முடியல, சொல்லக் கூச்சம். தசை கரையுற வயசுல புரதம் அவங்களுக்குத்தான் கூடுதலா வேணும். இப்போ நான் 70-க்கு வேக வச்சு, நார் ஓடுற திசையைப் பார்த்து, அதுக்குக் குறுக்கால அரிசி நீளத்துக்கும் குறைவான கனத்துல சீவி வைக்கிறேன். நாரை நீளவாக்குல வெட்டினா பல்லு முழு நூலையும் அறுக்கணும். குறுக்கால வெட்டினா கத்தியே அந்த வேலையை முடிச்சிடுது. இப்போ அம்மா ஓரமா எதையும் ஒதுக்குறதில்ல.

உங்க வீட்டுலயும் "எனக்கு வேண்டாம்"னு சொல்ற பெரியவங்க இருந்தா, ருசியைக் கேட்கிறதுக்கு முன்னாடி பல்லைக் கேளுங்க.

மாட்டுக்கறி சாப்பிடாத வீடுகள்லயும் இதைக் கேட்கிறீங்கன்னு தெரியும். ஆட்டுல முதுகுக்கறிக்கு இதே உப்பு, இதே கல்லு, இதே குறுக்கு வெட்டு. தொடை, கால், கழுத்து எல்லாம் ஸ்டேக்குக்கு ஆகாது, அதுல சவ்வு அதிகம். அதைச் சின்னத் தீயில ரெண்டு மூணு மணி நேரம் விட்டா அந்தச் சவ்வே குழம்புக்குக் கொழுகொழுப்பு குடுக்கும். அடுத்த வாரம் அந்தக் குழம்பைத்தான் வைக்கப் போறோம். கேள்வி இருந்தா அனுப்புங்க. வர்றேன்.