கானாவின் ஊர்

 

கானா எந்த ஊர்ப் பாட்டு? வடசென்னைப் பாட்டு என்றே என் துறை நண்பர்கள் எழுதிவருகிறார்கள். கருத்தரங்குதோறும் நான் மறுத்துவருவதும் உங்களில் பலருக்குத் தெரியும். துறைமுகத்தையும் ஆலைகளையும் சுற்றிய குடியிருப்புகளில் கானா வளர்ந்தது என்பதில் எனக்கு வழக்கில்லை. அதை மாநகர எல்லையோடு நிறுத்துவதில்தான் வழக்கு. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஒன்று, திருவள்ளூர் வழியாக அரக்கோணத்துக்கு ஒன்று எனப் பிரியும் இரண்டு புறநகர் இரயில் தடங்களும் சேர்ந்ததே கானாவின் நிலம் என்பது என் துணிபு.

மாலைநேரக் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறிப் பாருங்கள். பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் கதவோரம் நிற்கும் கல்லூரிப் பையன் ஒருவன் பெட்டியின் சுவரில் தட்டத் தொடங்குவான். உள்ளங்கையின் அடிப்பகுதி பட்டால் கனத்த ஓசை. விரல்நுனியோ மோதிரமோ பட்டால் சுள்ளென்ற ஓசை. கானாவின் தாளக் கருவிகளான சட்டி மேளமும் டேப்பும் பங்கிட்டுக்கொள்ளும் வேலையை அந்த ஒரே சுவர் செய்துவிடும். பாடுகிறவன் அடியின் கடைசிச் சொல்லை விட்டுவிடுவான். கூட்டம் அதை முடிக்கும். வண்டி நின்றால் தாளம் தணியும், கிளம்பினால் ஏறும். கொருக்குப்பேட்டையில் தொடங்கியவன் எண்ணூரில் இறங்கிவிட்டால், நந்தியம்பாக்கத்துப் பையன் பாட்டை எடுத்துக்கொள்வான். பொன்னேரியில் இறங்குகிறவன் அதே மெட்டைத் தன் தெருச் சாவு வீட்டுக்குக் கொண்டுபோவான். இறந்தவர் பெயர் பாட்டுக்குள் வந்து உட்காரும், புல்புல்தாரா என்ற நரம்புக் கருவியும் சேரும். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உறவுக்காரர்கள் அதை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோவார்கள். இப்படிக் கைமாறும் பாட்டுக்கு எந்த வார்டு எண்ணை எழுதுவது? தடத்துக்கொரு மாணவர் தலைவனாக நிற்கும் 'ரூட்டு தல'களின் மோதல்களால் இந்தப் பையன்களுக்குக் கெட்ட பெயர் வந்தது உண்மை. கத்தி தூக்கியவனுக்காக நான் பேசவில்லை. ஆனால், பாடியவன்கூடக் காவல் நிலையக் கோப்பில் இடம்பெற்று நம் பாட்டுத் தொகுப்புகளில் இடம்பெறாமல் போனது நம் துறையின் குற்றம்.

மற்றச் சான்றுகள் ஊரறிந்தவை. 2012இல் வந்த 'அட்டகத்தி'யில் சந்தோஷ் நாராயணன் இசையில் கானா பாலா பாடினார். படத்தின் இயக்குநர் பா.இரஞ்சித், ஆவடி அருகே கரலப்பாக்கத்துக்காரர். அவரது நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. பாடகி இசைவாணியின் கானாவோடு அந்த மேடையில் ராப் பாடிய அறிவு, அரக்கோணத்துக்காரர். இரயில் வரைபடத்தை விரித்தால் இவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

நண்பர்கள் நம்பும் எல்லையும் நிலையானதல்ல. 1997 வரை திருவள்ளூர் என்ற மாவட்டமே இல்லை. திருவொற்றியூரும் அம்பத்தூரும் 2011இல்தான் சென்னை மாநகராட்சிக்குள் வந்தன. அரசாணை வந்த அன்றா அங்கே பாடியவர்கள் சென்னைக் கலைஞர்கள் ஆனார்கள்?

அமெரிக்காவிலும் ஒரு பாட்டு வகையை நகரத்தின் பெயரால் 'சிகாகோ ப்ளூஸ்' என்கிறார்கள். அதன் தலைமகன் மடி வாட்டர்ஸ் மிசிசிப்பியின் ஸ்டோவல் பண்ணையில் உழைத்தவர். 1941இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அவரை அங்கேயே போய்ப் பதிவுசெய்தார். 1943இல்தான் அவர் சிகாகோவுக்கு இரயிலேறினார். நகரத்தின் பெயர் ஒட்டிக்கொண்டாலும், பண்ணையில் எடுத்த பதிவு இருப்பதால் வேர் மறையவில்லை. நம்மிடம் அப்படி ஒரு பதிவு ஏது?

நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. ஆய்வு மாணவர்களுக்குச் சில வேலைகளை மட்டும் சொல்லி முடிக்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒடியா, போஜ்புரித் தொழிலாளர்கள் இரவில் என்ன பாடுகிறார்கள் என்று யாராவது கேட்க வேண்டும். அங்குள்ள ஈழத்தமிழர் முகாமில் இலங்கையின் பைலாப் பாட்டுப் பாடத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் உடனே பதிவுசெய்ய வேண்டும். ஊத்துக்கோட்டைப் பக்கத்துத் தெலுங்குப் பாட்டுகள், பழவேற்காட்டு மீனவர் பாட்டுகள், கல்யாண பேண்டு செட்டுகள் எல்லாமே பாக்கி. எல்லாவற்றுக்கும் முன்னால், வீடுகளில் கிடக்கும் பழைய கானா கேசட்டுகளைப் படியெடுங்கள். நாடா பூஞ்சை பிடித்தால் திரும்பக் கிடைக்காது. பாடியவர் பெயரோடு அவர் ஏறி இறங்கிய நிலையத்தையும் குறித்துவையுங்கள்.